குடிநீர்க் குழாய்களில் கசிவை அளப்பதும் அடக்குவதும்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடிநீர் வழங்கல் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஒருவர் "இங்கே கசிவு எவ்வளவு?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சதவீதம் விடையாகக் கிடைக்கும். அந்தச் சதவீதம் எந்த மீட்டரின் அளவிலிருந்து, எந்தக் காலத்துக் கணக்கிலிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டால், பெரும்பாலும் விடை கிடைக்காது. கசிவைக் குறைக்கும் வேலை இந்த இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது. கேட்புக் கருவிகளையும் பழுதுநீக்கும் குழுவையும் கொண்டு தொடங்கியவர்கள், ஓராண்டு உழைத்த பின்பும் எவ்வளவு நீரை மீட்டோம் என்று சொல்ல முடியாமல் நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய உழைப்பில் குறையில்லை. தொடக்கத்தில் அளக்காததுதான் குறை.

படிகளுக்குள் போகும் முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடலாம். 50 மீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில், அதாவது நீரை 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவல்ல அழுத்தத்தில், இருக்கும் குழாயில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டை விழுந்தால், அதன் வழியே மணிக்கு ஏறக்குறைய 1.9 கன மீட்டர் நீர் வெளியேறும்; ஒரு நாளுக்கு அது 45 கன மீட்டரைத் தாண்டும். இப்போது இரண்டு கசிவுகளை ஒப்பிடுவோம். ஒரு பிரதானக் குழாய் நடுத்தெருவில் வெடித்து மணிக்கு 50 கன மீட்டர் நீரைக் கொட்டுகிறது; எல்லோரும் ஓடிவருகிறார்கள், 10 மணி நேரத்தில் சரிசெய்யப்படுகிறது, இழப்பு 500 கன மீட்டர். அதே வாரம் ஒரு வீட்டு இணைப்புக் குழாயில் மணிக்கு 1 கன மீட்டர் கசியத் தொடங்கி, நீர் மேலே வராமல் அருகிலுள்ள வடிகாலில் இறங்கிவிடுவதால், யாரும் அறியாமல் 120 நாட்கள் ஓடுகிறது. இழப்பு 2,880 கன மீட்டர். செய்தியாவது முதல் கசிவு, நீரைத் தின்பது இரண்டாவது.

ஆகவே ஒரு கசிவின் பருமனை அதன் ஓட்டத்தால் மட்டும் அளக்கக் கூடாது. ஓட்டத்தை அது ஓடிய காலத்தால் பெருக்கியே அளக்க வேண்டும். அந்தக் காலம் மூன்று துண்டுகளால் ஆனது: கசிவு இருப்பதை நாம் அறிய ஆகும் நாட்கள், அதன் இடத்தைக் கண்டுபிடிக்க ஆகும் நாட்கள், பழுதை நீக்க ஆகும் நாட்கள். இதில் பழுது நீக்கும் நாட்களே எல்லோர் கண்ணிலும் படுகின்றன. ஆனால் நீண்டு கிடப்பது பெரும்பாலும் முதல் துண்டுதான். இக்கட்டுரையில் வரும் படிகள் பெரும்பாலானவை அதைச் சுருக்குவதற்கானவையே.

முதல் படி: உள்ளே வரும் நீரை நம்பத்தக்கபடி அளத்தல்

அமைப்புக்குள் நுழையும் நீரை அளக்கும் மீட்டர் சரியாக இல்லையென்றால், பின்னால் வரும் எந்தக் கணக்குக்கும் பொருளில்லை. பம்ப் ஓடிய மணி நேரத்தை அதன் பெயர்ப்பலகையில் பொறித்த திறனால் பெருக்கி நாள்தோறும் ஏட்டில் எழுதும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பம்பின் சுழலி தேய்கிறது, உறிஞ்சு மட்டம் மாறுகிறது, எதிர்ப்படும் அழுத்தம் மாறுகிறது. ஆனால் ஏட்டில் உள்ள எண் மட்டும் மாறுவதில்லை. இந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்திவிட வேண்டும்.

மீட்டர் இருந்தால் அதைச் சோதிப்பது கடினமன்று. தரைப்பரப்பு தெரிந்த ஒரு நீர்த்தேக்கத் தொட்டியை எடுத்துக்கொண்டு, வெளியேறும் வால்வை இறுக மூடி, உள்ளே வரும் நீரை மட்டும் ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று அளந்தால் போதும். 200 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் மட்டம் 1.5 மீட்டர் உயர்ந்தால் 300 கன மீட்டர் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் மீட்டர் 288 என்று காட்டினால் அது 4 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. தொட்டி இல்லாத இடத்தில், குழாயின் வெளிப்புறத்தில் பொருத்தும் மீயொலி மீட்டரை ஒரு வாரம் மாட்டி ஒப்பிடலாம். ஆனால் குழாயின் உள்விட்டம், உள்படிவு ஆகியவற்றைத் தவறாகக் கொடுத்தால் அதுவும் தவறாகத்தான் காட்டும். மீட்டர் பொருத்தப்பட்டுள்ள இடத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். வளைவுக்கோ பாதி திறந்த வால்வுக்கோ அருகில் இருக்கும் மீட்டரும், குழாய் முழுதும் நிரம்பாத மேட்டுப் பகுதியில் இருக்கும் மீட்டரும் எவ்வளவு விலையுயர்ந்தவையாக இருந்தாலும் பிழையாகவே காட்டும்.

அதே தொட்டியில் இன்னொரு சோதனையையும் செய்துவிடலாம். உள்வழி, வெளிவழி இரண்டையும் மூடிவிட்டு இரவில் 4 மணி நேரம் மட்டத்தைக் கவனியுங்கள். அது 6 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், 200 சதுர மீட்டர் பரப்புக்கு 12 கன மீட்டர், அதாவது மணிக்கு 3 கன மீட்டர், தொட்டியிலிருந்தோ இறுக மூடாத வால்வு வழியாகவோ போயிருக்கிறது. இரவில் தொட்டி நிரம்பி வழிவதும் கசிவுக் கணக்கில்தான் சேரும்; வழிவுக் குழாயின் வாயில் காலையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: ஆண்டு நீர் வரவு-செலவுக் கணக்கு

பன்னாட்டு நீர் சங்கம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குமுறை இன்று உலகெங்கும் பொது மொழியாகிவிட்டது. அமைப்புக்குள் வந்த நீரை, முறைப்படி பயன்படுத்தப்பட்டது, இழக்கப்பட்டது என்று அது முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. முறையான பயன்பாட்டில் கட்டணம் பெற்றதும் பெறாததும் அடங்கும். தீயணைப்பு, குழாய் கழுவுதல், பொதுக் குழாய்கள் ஆகியவை கட்டணம் பெறாதவை. இழப்பும் இரண்டு வகைப்படும். நீர் ஒருவரைச் சென்றடைந்தும் கணக்கில் வராமல் போவது தோற்ற இழப்பு: திருட்டு இணைப்பு, குறைத்துக் காட்டும் வீட்டு மீட்டர், பட்டியல் எழுதுவதில் நேரும் பிழை. யாருக்கும் போய்ச் சேராமல் மண்ணில் இறங்குவது மெய் இழப்பு: பிரதானக் குழாய்களிலும் பகிர்மானக் குழாய்களிலும் வீட்டு இணைப்பிலும் நுகர்வோர் மீட்டர் வரை ஏற்படும் கசிவும், தொட்டிகளின் கசிவும் வழிவும். கட்டணம் பெறாத பயன்பாட்டையும் இரு இழப்புகளையும் சேர்த்து வருவாய் ஈட்டாத நீர் என்கிறோம். இந்தச் சொல்லைக் கசிவு என்ற பொருளில் ஆள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. தோற்ற இழப்பை மண்வெட்டியால் தீர்க்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் உடன் வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் குழாய்கள், 8,000 இணைப்புகள், 24 மணி நேர வழங்கல், சராசரி அழுத்தம் 30 மீட்டர் உள்ள ஒரு கற்பனை ஊருக்கு நாளொன்றுக்கு 6,000 கன மீட்டர் நீர் வருகிறது. கட்டணப் பட்டியலில் 4,000 பதிவாகிறது. கட்டணமில்லாத முறையான பயன்பாடு 60. மிச்சம் 1,940 கன மீட்டர் இழப்பு. இதில் முறையற்ற இணைப்புகளுக்கு 100, வீட்டு மீட்டர்கள் சராசரியாக 5 சதவீதம் குறைத்துக் காட்டுவதால் 210, பதிவுப் பிழைக்கு 30 என்று மொத்தம் 340 கன மீட்டரைத் தோற்ற இழப்பாகக் கழித்தால், மெய் இழப்பு 1,600 கன மீட்டர் என்று வருகிறது.

இந்த 1,600 யாரும் நேரடியாக அளந்த எண் அன்று. மற்ற எல்லாவற்றையும் கழித்தபின் எஞ்சியது. எல்லாப் பிழைகளும் அதில்தான் வந்து குவிகின்றன. உள்வரும் மீட்டரில் 5 சதவீதப் பிழை இருந்தால் அது 300 கன மீட்டர். 6,000-க்கு அது சிறிதாகத் தெரியலாம், 1,600-க்கு அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதனால் கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் அருகில், அதில் எவ்வளவு பிழைக்கு இடமுண்டு என்று நேர்மையாக எழுதிவைக்க வேண்டும். தெரியாத ஓர் எண்ணைத் தோராயமாக இட்டு நிரப்பியிருந்தால், அது தோராயம் என்பதும் தாளில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு எந்த எண்ணைச் செம்மைப்படுத்தப் பணம் செலவிட வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளே காட்டும்.

மூன்றாம் படி: சதவீதத்தை விடுத்து, பொருளுள்ள அளவுகோலுக்கு மாறுதல்

மேலே சொன்ன ஊரில் மெய் இழப்பு உள்வரும் நீரில் சுமார் 27 சதவீதம். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை மூடப்பட்டு நாளொன்றுக்கு 1,000 கன மீட்டர் நுகர்வு குறைந்துவிட்டது என்று கொள்வோம். குழாய்களில் எந்த மாற்றமும் இல்லை, அதே 1,600 கசிகிறது. ஆனால் சதவீதம் 32 ஆகிவிடும். நுகர்வு கூடினால் எதுவும் செய்யாமலே சதவீதம் இறங்கும். ஆகவே கசிவை ஓர் இணைப்புக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லிப் பழகுங்கள். இங்கே அது 200 லிட்டர். இணைப்புகள் மிக அரிதாக உள்ள கிராமப்புற அமைப்புகளில், ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு இத்தனை என்று சொல்வது பொருத்தமானது.

நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஓர் இணைப்புக்கு 200 லிட்டர் இழப்பு என்பது 6 மணி நேர வழங்கலில் நிகழ்ந்தால், அந்தக் குழாய்கள் 24 மணி நேரமும் அதே அழுத்தத்தில் இருந்தால் 800 லிட்டர் இழக்கும் நிலையில் இருக்கின்றன என்று பொருள். குறைந்த நேர வழங்கல் கசிவைத் தீர்ப்பதில்லை; கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்கிறது.

நல்ல நிலையில் பராமரிக்கப்படும் அமைப்பிலும் முற்றிலும் தவிர்க்க முடியாத கசிவு ஓரளவு இருக்கும். அதை மதிப்பிட நீர் இழப்பு வல்லுநர் ஆலன் லாம்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1999-இல் ஒரு சூத்திரம் தந்தனர். பிரதானக் குழாய்களின் நீளத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 18-ஆலும், இணைப்புகளின் எண்ணிக்கையை 0.8-ஆலும், சொத்தின் எல்லைக்கும் மீட்டருக்கும் இடையிலுள்ள தனியார் குழாய்களின் மொத்தக் கிலோமீட்டரை 25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையைச் சராசரி அழுத்தத்தின் மீட்டர் அளவால் பெருக்கினால், நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று விடை வரும். நம் ஊரில் மீட்டர்கள் எல்லையிலேயே இருப்பதாகக் கொண்டால், 1,800-உம் 6,400-உம் சேர்ந்து 8,200. அதை 30-ஆல் பெருக்கினால் 2,46,000 லிட்டர், அதாவது 246 கன மீட்டர். உண்மைக் கசிவான 1,600-ஐ இதனால் வகுத்தால் 6.5. தவிர்க்க முடியாததைப் போல ஆறரை மடங்கு கசிகிறது என்பதே இதன் பொருள். இது உள்கட்டமைப்புக் கசிவுக் குறியீடு எனப்படுகிறது. மிகச் சிறிய அமைப்புகளுக்கும் அழுத்தம் மிகக் குறைந்த இடங்களுக்கும் இது பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: ஊரை அளவீட்டு வட்டாரங்களாகப் பிரித்தல்

ஆண்டுக் கணக்கு எவ்வளவு கசிகிறது என்று சொல்லும். எங்கே, எப்போது தொடங்கியது என்று சொல்லாது. அதற்காகவே 1980களில் பிரிட்டனில் பரவத் தொடங்கிய ஒரு முறை இன்று எங்கும் கையாளப்படுகிறது: குழாய் வலையைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இயன்றவரை ஒரே ஒரு நுழைவழி வைத்து, அங்கே மீட்டர் பொருத்தி, பிற எல்லை வால்வுகளை நிரந்தரமாக மூடிவைப்பது. ஒரு வட்டாரத்தில் 500 முதல் 3,000 இணைப்புகள் வரை இருக்கலாம். வட்டாரம் மிகப் பெரிதானால் ஒரு புதிய வீட்டு இணைப்புக் கசிவு மொத்த ஓட்டத்தில் மூழ்கிப்போகும். மிகச் சிறிதானால் மீட்டர்களுக்கும் வால்வுகளுக்கும் ஆகும் செலவு எல்லை மீறும்.

பிரிக்கும்போது தரைமட்டத்தைப் பாருங்கள். மேட்டையும் பள்ளத்தையும் ஒரே வட்டாரத்தில் அடைத்தால் பின்னால் அழுத்தத்தை ஒழுங்குபடுத்த வழியிருக்காது. நுழைவு மீட்டரை பகல் உச்ச ஓட்டத்துக்கு மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரவின் சிறிய ஓட்டத்தையும் அது துல்லியமாகக் காட்ட வேண்டும், ஏனெனில் நமக்கு வேண்டியது அந்த எண்தான். எல்லை வால்வுகளை மூடுவதால் குழாய்களில் முட்டு முனைகள் உருவாகும். அங்கே நீர் தேங்கிக் குளோரின் குறையும் என்பதால், கழுவுவதற்கான வாயில்களையும் முதலிலேயே திட்டமிட வேண்டும்.

வட்டாரம் உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று சோதிக்காமல் அதன் மீட்டரை நம்பாதீர்கள். முன்னறிவிப்புக் கொடுத்து, இரவில் நுழைவழியை மூடி, உள்ளே அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பதே சோதனை. அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்காமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால், எங்கோ ஒரு வால்வு இறுக மூடவில்லை, அல்லது வரைபடத்தில் இல்லாத ஓர் இணைப்புக் குழாய் இருக்கிறது. பழைய ஊர்களில் இரண்டாவது காரணம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி வரும். வலையில் நாற்பது ஆண்டு வால்வு திருப்பிய ஊழியர் ஒருவர் ஓய்வுபெறுவதற்கு முன் அவருடன் தெருத்தெருவாக நடந்து, அவர் சொல்வதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்தச் சோதனையும் அதற்கு ஈடாகாது. அழுத்தம் அற்றுப்போன குழாய் சுற்றியுள்ள அழுக்கு நீரை ஓட்டைகள் வழியே உள்ளே இழுக்கும் என்பதால், இந்தச் சோதனையைச் சுருக்கமாக முடித்து, பின்னர் குழாய்களைக் கழுவிக் குளோரின் அளவைச் சரிபார்த்தே வழங்கலைத் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரவு ஓட்டத்தைப் படித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். 24 மணி நேர வழங்கல் உள்ள வட்டாரத்தில், பொதுவாக அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே மக்கள் உறங்குகிறார்கள். நுகர்வு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. கசிவு உறங்குவதில்லை. மாறாக, பயன்பாடு குறைந்து அழுத்தம் கூடுவதால் அது அந்நேரத்தில்தான் மிகுதியாக ஓடுகிறது. ஆகவே அந்த நேர ஓட்டத்தின் பெரும்பகுதி கசிவாக இருக்கும்.

நம் ஊரின் ஒரு வட்டாரத்தில் 1,200 இணைப்புகள் இருப்பதாகவும், அதிகாலை 3 மணிக்கு நுழைவு மீட்டர் மணிக்கு 14 கன மீட்டர் காட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். இரவிலும் சிலர் கழிப்பறைக்குப் போவார்கள். இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் என்று கொண்டால் 2.4 கன மீட்டர். வட்டாரத்தில் உள்ள மருத்துவமனையின் மீட்டரை அதே நேரத்தில் படித்ததில் 1.6 கன மீட்டர் வந்தது. இரண்டும் சேர்ந்து 4. எஞ்சிய 10 கன மீட்டர் இரவுக் கசிவு. இணைப்புக்கு 2 லிட்டர் என்பது இங்கே எடுத்துக்காட்டுக்காகச் சொன்னது. உங்கள் இடத்தில் சில நூறு வீட்டு மீட்டர்களை இரவில் இருமுறை படித்து அதை நீங்களே கண்டறிய வேண்டும். இரவில் வேலை செய்யும் ஆலை, விடுதி போன்ற பெரிய நுகர்வோரைத் தனித்தனியே அளக்க வேண்டும், சராசரியில் கரைக்கக் கூடாது.

இந்த 10-ஐ 24-ஆல் பெருக்கி 240 கன மீட்டர் என்று எழுதிவிட்டால் அது தவறு. இரவில் அழுத்தம் 38 மீட்டராகவும் நாளின் சராசரி 30 மீட்டராகவும் இருந்தால், கசிவு அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் மாறும் என்று கொண்டு, 10 × 24 × 30 ÷ 38 என்று கணக்கிட வேண்டும். விடை சுமார் 190 கன மீட்டர். அதனால்தான் வட்டாரத்தின் நடுத்தரமான ஓரிடத்தில் அழுத்தப் பதிவுக் கருவி ஒன்றும் இருக்க வேண்டும் என்கிறேன். எல்லா வட்டாரங்களிலும் இப்படிக் கிடைக்கும் எண்களைக் கூட்டி, ஆண்டுக் கணக்கில் வந்த 1,600-உடன் ஒப்பிடுங்கள். இரண்டும் அருகருகே வந்தால் கணக்கு நம்பத்தக்கது. பெரிதும் விலகினால் தோற்ற இழப்பைத் தவறாக மதிப்பிட்டிருக்கலாம், அல்லது வட்டாரங்களுக்கு வெளியேயுள்ள உந்து குழாய்களிலும் தொட்டிகளிலும் நீர் போகலாம்.

ஒரே ஓர் இரவின் எண்ணை விட அதன் வரலாறு பயனுள்ளது. இரவு ஓட்டம் பல வாரங்களாக 14-இல் இருந்துவிட்டு ஒரே இரவில் 16 ஆனால் புதிய உடைப்பு ஒன்று தோன்றியிருக்கிறது. மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் சிறு கசிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. திருவிழா, கடும் வெயில், இரவுத் தோட்டப் பாசனம் ஆகியவையும் அந்தக் கோட்டை உயர்த்தும் என்பதால், ஓர் இரவின் ஏற்றத்தைக் கண்டதும் தோண்டக் கிளம்பாமல் இரண்டு மூன்று இரவுகள் பொறுத்துப் பாருங்கள்.

விட்டுவிட்டு வழங்கும் ஊரில் இந்த முறை அப்படியே செல்லாது. நீர் வரும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டின் தொட்டியும் நிரம்பிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு வட்டாரத்துக்கு மட்டும் சில நாட்கள் தொடர்ந்து நீர் விட்டு, வீட்டுத் தொட்டிகள் நிரம்பிய பின் இரவு ஓட்டத்தை அளக்கலாம். அதுவும் இயலாவிட்டால், ஒரு தெருவின் இணைப்புகள் அனைத்தையும் அடைத்துவிட்டு, அந்தக் குழாய்க்குள் எவ்வளவு நீர் போகிறது என்று பார்க்கலாம்.

ஆறாம் படி: இடத்தைக் காணுதல்

எந்த வட்டாரத்தில் தொடங்குவது என்பதை இரவு ஓட்டமே சொல்லிவிடும். வட்டாரத்துக்குள், இரவில் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே நுழைவு மீட்டரைப் பார்த்தால், எந்தத் துண்டை மூடும்போது ஓட்டம் சட்டென்று விழுகிறதோ அந்தத் துண்டில் கசிவு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஒலிக்கருவிகளின் முறை. ஓட்டையிலிருந்து பீறிடும் நீர் ஒலி எழுப்புகிறது; அந்த ஒலி உலோகக் குழாயில் நெடுந்தூரமும் பிளாஸ்டிக் குழாயில் சிறு தூரமுமே பயணிக்கும். வால்விலும் வீட்டு மீட்டரிலும் ஒரு கேட்புக் கோலை வைத்துக் கேட்பதுதான் இன்றும் முதல் வேலை. பயிற்சி பெற்ற ஒருவரின் காது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவியைவிட நன்றாகப் பயன்படும்.

ஒப்பொலிக் கருவி இரண்டு முனைகளில் ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து இடத்தைக் கணக்கிடுகிறது. முனைகளுக்கு இடையே 120 மீட்டர், ஒலியின் வேகம் விநாடிக்கு 1,250 மீட்டர், நேர வேறுபாடு 0.04 விநாடி என்றால், 120-லிருந்து 50-ஐக் கழித்துப் பாதியாக்க, அருகிலுள்ள முனையிலிருந்து 35 மீட்டர். ஆனால் அது உண்மையில் பிளாஸ்டிக் குழாயாக இருந்து, வேகம் 450 மீட்டர்தான் என்றால், சரியான விடை 51 மீட்டர். குழாய் எதனால் ஆனது என்பதைத் தவறாகக் கொடுத்ததால் 16 மீட்டர் தள்ளித் தோண்டியிருப்பீர்கள். வெறும் குழி தோண்டியவர்கள் கருவியைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் பிழை வரைபடத்தில்தான் இருக்கும். ஒலி எழாத இடங்களில், 5 சதவீதம் ஹைட்ரஜனும் 95 சதவீதம் நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாய்க்குள் செலுத்தி, தரைக்கு மேலே வருவதை மோப்பக் கருவியால் கண்டறியலாம்.

தெருவில் தேங்கும் நீர் நம் குழாயுடையதா, நிலத்தடி நீரா என்று ஐயமிருந்தால், எஞ்சிய குளோரினைச் சோதியுங்கள். குளோரின் இருந்தால் அது பெரும்பாலும் குழாய் நீர். இல்லையென்றால் எதையும் முடிவு செய்துவிட முடியாது, ஏனெனில் மண்ணில் ஊறி வரும்போது குளோரின் அழிந்துவிடும்.

ஏழாம் படி: பழுது

பழுது நீக்குவதில் வேகம் எவ்வளவு முக்கியமோ தரமும் அவ்வளவு முக்கியம். அவசரத்தில் ரப்பர் சுற்றி மூடிய இடம் மறு ஆண்டும் கசியும். ஒரே இணைப்புக் குழாய் இரண்டாம் முறை கசிந்தால் அதை ஒட்டுப்போடாமல், பிரதானக் குழாயிலிருந்து மீட்டர் வரை முழுதும் மாற்றிவிடுவதே மலிவானது. கசிவுகளில் எண்ணிக்கையால் மிகுதியானவை இணைப்புக் குழாய்களில்தான் நிகழ்கின்றன. டோக்கியோ நகரம் 1980 வாக்கில் 15 சதவீத அளவில் இருந்த கசிவை இந்த நூற்றாண்டில் 3 சதவீத அளவுக்குக் கொண்டுவந்ததில், ஈய இணைப்புக் குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களாக மாற்றியதற்குப் பெரும் பங்குண்டு.

குழியை மூடும் முன் மூன்றைப் பதிவு செய்யுங்கள்: குழாயின் பொருளும் விட்டமும், உடைந்த விதம், கசிவு அறியப்பட்ட, இடம் காணப்பட்ட, சரிசெய்யப்பட்ட நாட்கள். குழாயைச் சுற்றி மணல் இட்டு, கூர்ங்கற்கள் படாமல் மூடி, பின்னர் கழுவிக் குளோரின் இட வேண்டும். அன்றிரவே வட்டாரத்தின் இரவு ஓட்டத்தைப் பாருங்கள். அது எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றால், அருகிலேயே இன்னொரு கசிவு இருக்கிறது. ஒன்றின் ஒலி மற்றொன்றை மறைத்திருக்கும்.

எட்டாம் படி: அழுத்தத்தை அடக்குதல்

கண்டுபிடிக்க முடியாத சிறுசிறு கசிவுகளுக்கு, மூட்டுகளில் கண்ணீர் போலக் கசிபவற்றுக்கு, எந்தக் கருவியாலும் தீர்வில்லை. அவற்றைக் குறைக்க உடனடியாகக் கைகொடுப்பது அழுத்தம் ஒன்றுதான். அழுத்தம் 40 மீட்டரிலிருந்து 30 மீட்டராகக் குறைந்தால், உலோகக் குழாயின் உருமாறாத ஓட்டைகளில் கசிவு சுமார் 13 சதவீதமே குறையும். பல வகைக் குழாய்கள் கலந்த வலையில் 25 சதவீதமும், அழுத்தத்தால் வாய் விரியும் பிளாஸ்டிக் பிளவுகளில் 35 சதவீதம் வரையும் குறையும். புதிய உடைப்புகளும் குறையும் என்பது இதற்கு மேல் கிடைக்கும் ஆதாயம். நாள்தோறும் ஏறியிறங்கும் அழுத்தமே குழாய்களைக் களைப்படையச் செய்கிறது.

வட்டார நுழைவழியில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வைப் பொருத்துவது எளிய தொடக்கம். இரவில் தேவை குறையும்போது அழுத்தத்தை மேலும் இறக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பின்னர் சேர்க்கலாம். 2001-இல் கேப் டவுனின் கயெலிட்ஷா பகுதியில் நிறுவப்பட்ட இத்தகைய அமைப்பு ஆண்டுக்கு 90 லட்சம் கன மீட்டர் அளவில் நீரைச் சேமித்தது. குறைக்கும் முன், வட்டாரத்தின் மிக உயரமான வீட்டிலும் மிகத் தொலைவான வீட்டிலும் உச்ச நேரத்தில் அழுத்தம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். தீயணைப்புக்குத் தேவையான ஓட்டத்தையும் உறுதி செய்யுங்கள். பம்பைச் சட்டென்று நிறுத்துவதாலும் வால்வை வேகமாக மூடுவதாலும் எழும் அழுத்த அலைகள் எந்தப் பதிவிலும் தெரியாமலே குழாய்களை உடைக்கும். வால்வைத் திருப்பும் ஊழியருக்கு மெதுவாகத் திருப்பக் கற்றுக்கொடுப்பது செலவில்லாத கசிவுத் தடுப்பு.

குறைந்த பணத்துடன் தொடங்குபவருக்கு

எட்டுப் படிகளையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் மூன்று மாதங்களில் உள்வரும் மீட்டரைச் சோதித்து, தொட்டிகளைச் சோதித்து, தோராயமானதாக இருந்தாலும் ஒரு வரவு-செலவுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பிறகு, எல்லைகளை எளிதாக மூடக்கூடிய ஒரே ஒரு வட்டாரத்தை அமைத்து, அங்கே இரவு ஓட்டத்தை அளந்து, கசிவுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, எவ்வளவு மீண்டது என்பதை எண்ணாகக் காட்டுங்கள். அடுத்த வட்டாரத்துக்குப் பணம் கேட்க அந்த எண்ணே உங்கள் கையிலுள்ள ஆவணம். 1993-இல் வருவாய் ஈட்டாத நீர் 72 சதவீதமாக இருந்த கம்போடியாவின் புனோம் பென் நகரம், பின்னர் அதைப் பத்துக்கும் கீழே கொண்டுவந்தது. மீட்டர் பொருத்துதல், நுகர்வோர் பட்டியலைச் சீராக்குதல், குழாய் மாற்றுதல், வட்டாரம் பிரித்துக் கண்காணித்தல் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்ததால் அது கைகூடியது.

சரிசெய்த வட்டாரத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், இரண்டு ஆண்டுகளில் கசிவு பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு எண்களை முடிவு செய்து சுவரில் எழுதிவையுங்கள்: இரவு ஓட்டம் எந்த அளவைத் தாண்டினால் தேடும் குழுவை அனுப்புவது, எந்த அளவுக்கு இறங்கினால் குழுவைத் திரும்ப அழைப்பது. நம் எடுத்துக்காட்டு வட்டாரத்தில் பழுதுகளுக்குப் பின் இரவு ஓட்டம் மணிக்கு 8 கன மீட்டராக நிலைத்தால், 8 திரும்பும் எல்லையாகவும் 10 அனுப்பும் எல்லையாகவும் இருக்கலாம். அலுவலகத்தில் ஒருவர் தினமும் காலையில் எல்லா வட்டாரங்களின் முந்தைய இரவு ஓட்டத்தையும் அந்த எண்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும். அவர் விடுப்பில் போகும் நாட்களில் யார் பார்ப்பார் என்பதையும் அதே சுவரில் எழுதிவையுங்கள்.